சூப்பர் ஹீரோவுக்குக் கட்டாய விடுப்பு

டிஸ்கி: இது திரை விமர்சனம் இல்லை. ஆனாலும் 'தி இன்கிரெடிபிள்ஸ்' (2004), அதன் இரண்டாம் பாகம் (2018), 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' (2006) மூன்றின் கதையும் கீழே உடைபடும். பார்க்காதவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். கதை தெரிந்தால் என்ன போச்சு என்பவர்கள் தொடரலாம்.

சூப்பர் ஹீரோ படம் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. கண்ணாடி மாட்டினால் கிளார்க் கென்ட், கழற்றினால் சூப்பர்மேன், கூட வேலை பார்க்கிறவர்களுக்குக்கூட அடையாளம் தெரியாதாம். எங்கள் கிளையில் கே.ஒய்.சி. பார்க்கிற பெண்ணிடம் போயிருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பான்! அந்தக் கிண்டலில் எனக்கும் பங்கு உண்டு. பறப்பதும் அடிப்பதும் பிள்ளைகளோடு இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கதைகளில் நல்லவை சிலவற்றில் ஒரு சமாச்சாரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஊருக்கு அவன் தேவை என்பது தெரிந்த கதை. அவனுக்கு ஊர் எவ்வளவு தேவை என்பதுதான் தெரியாத கதை. யாரும் கூப்பிடாத நாளில் அந்த ஆள் என்ன ஆகிறான்? "நான் இல்லேன்னா இங்கே எதுவும் நடக்காது" என்கிற நினைப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது யார்?

சொந்த ஊரை விட்டு வந்து, மாசம் பிறந்தால் பணம் அனுப்பி, ஊரில் ஒரு தும்மல் என்றால்கூட ரயிலேறுகிற நமக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பயில்வான்

பிராட் பேர்ட் எழுதி இயக்கிய 'தி இன்கிரெடிபிள்ஸ்' பிக்ஸார் தயாரித்த கார்ட்டூன் படம். நாயகன் பாப் பார், அதாவது மிஸ்டர் இன்கிரெடிபிள். ரயிலையே கையால் நிறுத்துகிற பலசாலி. தற்கொலை செய்துகொள்ளக் குதித்த ஒருவனைப் பாய்ந்து பிடித்துக் காப்பாற்றுகிறான். காப்பாற்றப்பட்டவனோ, "நான் கேட்டேனா உன்னை?" என்கிற மாதிரி கேஸ் போடுகிறான். ரயிலில் இருந்த பயணிகளும் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். கேஸ் மேல் கேஸ். கடைசியில் அரசாங்கமே எல்லா சூப்பர் ஹீரோக்களையும் ஓய்வு கொடுத்து, பெயரை மறைத்து, வேறு வேறு ஊர்களில் குடியேற்றிவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், 2000-01-ல், பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது. ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே போனார்கள். அந்தக் காலத்துக் கதைகளை சீனியர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

பதினைந்து வருஷம் கழித்து பாப் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறான். உடம்புக்குப் பத்தாத மேஜை, உடம்புக்குப் பத்தாத கார். கிளெய்ம் மறுக்கப்பட்டு அழுகிற ஒரு பாட்டியம்மாவிடம், எந்த ஃபாரத்தை எங்கே கொடுத்தால் பணம் கிடைக்கும் என்று கிசுகிசுத்துச் சொல்லி அனுப்புகிறான். வாடிக்கையாளர்களுக்கு நம் ஓட்டையெல்லாம் தெரிந்துவிட்டதே என்று குட்டி மேனேஜர் குதிக்கிறார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் காட்சியில் கார்ட்டூன் எதுவும் இல்லை.

இன்னொன்று. பாப் அவ்வப்போது பொறுக்க முடியாமல் பலத்தைக் காட்டிவிடுவான். உடனே குடும்பத்தையே வேறு ஊருக்கு மாற்றுவார்கள். மனைவி ஹெலன் ஒருநாள் ஆபீசுக்கு போன் போட்டு, இன்றைக்குத்தான் நாம் முறைப்படி குடிவந்தோம் என்று சந்தோஷப்படுகிறாள். வந்து மூன்று வருஷம் ஆயிற்றே என்கிறான் அவன். கடைசிப் பெட்டியை இன்றைக்குத்தான் பிரித்தேன் என்கிறாள்! இந்த இடத்தில் எங்கள் வீட்டுத் தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பரண்மேல் மூன்று மாற்றல்களாகக் கயிறு பிரிக்காத பெட்டி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

புதன்கிழமை ராத்திரி

பாப்புக்கு அப்படி என்ன குறை? வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நல்ல மனைவி, மூன்று பிள்ளைகள். ஆனால் வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய பேப்பர் செய்தி, அட்டைப்படம், பழைய சீருடை. புதன்கிழமை ராத்திரி நண்பன் லூசியஸுடன் பந்து உருட்டி விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து போலீஸ் ரேடியோவை ஒட்டுக் கேட்கிறார்கள். எங்கேயாவது தீப்பிடிக்காதா, எவனாவது உதவி கேட்டுக் கத்த மாட்டானா என்று காத்திருக்கிறார்கள்.

படத்தின் இதயமே இந்தக் காட்சிதான் என்பது என் கட்சி. காப்பாற்றும் குணம் நல்ல குணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே இரண்டு நல்லவர்கள், தங்களை அறியாமல், யாருக்காவது கஷ்டம் வரவேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கஷ்டம் வராத ராத்திரி அவர்களுக்கு வீணான ராத்திரி.

அதே சமயம், பாப்பைக் கேலி செய்துவிட்டுப் போவதும் நியாயமில்லை. படம் அப்படிச் செய்யவும் இல்லை. மேனேஜரைச் சுவரோடு சேர்த்து வீசி எறிந்து வேலை போனபிறகு, ஒரு மர்மப் பெண்ணிடமிருந்து ரகசியச் செய்தி வருகிறது. தூரத்துத் தீவில் ஒரு இயந்திரம் கட்டுப்பாடு மீறிவிட்டது, உங்கள் உதவி தேவை, வருஷச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு தருகிறோம் என்கிறாள். வீட்டில் ஆபீஸ் வேலையாக வெளியூர் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறான். போய் ஜெயித்து வந்தபின் ஆளே மாறிவிடுகிறான். தொப்பை குறைகிறது, பிள்ளைகளோடு விளையாடுகிறான், மனைவியிடம் காதல் திரும்புகிறது. நாலு பேருக்குத் தேவைப்படும்போது மனுஷனுக்கு ஒரு தெம்பு வருகிறது. உண்மைதானே? ரிட்டயர் ஆன ஆறே மாதத்தில் பத்து வயசு கூடிப்போன எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, பிறருக்குத் தேவைப்படவேண்டும் என்று ஆசைப்படுவது வியாதி இல்லை. பசி மாதிரி அது. ஆனால் பசித்தவனை ஏமாற்றுவது சுலபம்.

தூண்டிலில் மாட்டிய புழு

அந்தத் தீவுச் செய்தி ஒரு தூண்டில். அனுப்பியவன் சிண்ட்ரோம் என்கிற வில்லன். பாப்புக்கு முன்னால் எத்தனையோ பழைய ஹீரோக்களை இயந்திரத்தோடு மோதவிட்டுக் கொன்றிருக்கிறான். தீவின் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைப் பாப் பார்க்கும் காட்சி, குழந்தைகள் படத்தில் வருகிற அளவுக்கு லேசானது இல்லை. அத்தனை பலசாலிகளை எப்படி மடக்கினான்? பணத்தாசை காட்டியா? எனக்குத் தோன்றுவது, பாப்பிடம் சொன்னதையேதான் அவர்களிடமும் சொல்லியிருப்பான்: "உங்களால்தான் முடியும்." பதினைந்து வருஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதவர்களுக்கு அது போதும்.

நாங்கள் கவுண்டரில் மாசத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறோம். "உங்கள் உறவுக்காரர் ஆபத்தில் இருக்கிறார், நீங்கள்தான் காப்பாற்றணும்" என்று போன் வந்ததாகச் சொல்லி, பெரிய தொகையை அனுப்பிவிட்டு வந்து நிற்பவர்கள். பேராசைக்காரர்கள் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடியே பழகியவர்கள்.

சிண்ட்ரோமின் பெரிய திட்டம் இன்னும் அழகு. அந்த இயந்திரத்தை அவனே நகரத்துக்குள் அனுப்புவான், அது உடைத்து நொறுக்கும், ஜனங்கள் அலறும்போது அவனே பறந்து வந்து ரிமோட்டை அழுத்தி அடக்கிவிட்டு ஹீரோ ஆவான். மார்ச் 31-க்குக் கணக்கை அழகாகக் காட்டுவதற்கு எங்கள் தொழிலில் விண்டோ டிரஸ்ஸிங் என்று பெயர். இது அதற்கும் அப்பன்! இயந்திரம் அவன் ரிமோட்டையே தட்டிவிடுவது வேறு கதை.

இவன் யார் தெரியுமா? சின்ன வயதில் மிஸ்டர் இன்கிரெடிபிளின் தீவிர ரசிகன். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓடி வந்த பையனிடம், "நான் தனியாகத்தான் வேலை செய்வேன்" என்று பாப் விரட்டிவிட்டான். தேவையில்லை என்று சொல்லப்பட்டவன் வளர்ந்து, தான் தேவைப்படுவதற்காக ஒரு ஊரையே எரிக்கத் துணிகிறான். காரில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்புக்கும் இவனுக்கும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பசி. படத்தை மறுபடி பார்த்தபோது என்னை உறுத்தியது இதுதான்.

நீ வேண்டாம் என்று எழுதிய பெண்

பிரையன் சிங்கரின் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' பலருக்குப் பிடிக்காத படம். சண்டை குறைவு, சோகம் அதிகம் என்பார்கள். எனக்கு அந்தச் சோகம்தான் பிடித்தது.

தன் பிறந்த கிரகத்தில் மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போய், ஐந்து வருஷம் கழித்து வெறுங்கையோடு திரும்புகிறான் சூப்பர்மேன். போகும்போது லோயிஸ் லேனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்தால், அவளுக்கு ஒரு மகன், திருமணம் செய்துகொள்ளப்போகிற ஒரு நல்ல மனிதன். அதுகூடத் தாங்கலாம். 'உலகத்துக்கு ஏன் சூப்பர்மேன் தேவையில்லை' என்று அவள் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதற்குப் புலிட்சர் பரிசு வேறு!

நம்மில் யாருக்கு இந்த அடி விழவில்லை? பணி நிமித்தம் எங்கோ போய் வருஷங்கள் கழித்து ஊருக்குப் போனால், நம் அறை தம்பியின் அறை ஆகியிருக்கும். நாம் செய்த வேலையெல்லாம் வேறு யாரோ செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். யாருக்கும் நம் மேல் கோபம் இல்லை. இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். சும்மா நிற்கத் தெரியாமல், நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் பார்ப்போம்.

சூப்பர்மேன் என்ன செய்கிறான்? லோயிஸைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேலே பறக்கிறான். உனக்கு என்ன கேட்கிறது என்கிறான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் கேட்கிறது, ஜனங்கள் ஒரு ரட்சகனுக்காக அழுவது தினமும் கேட்கிறது என்கிறான். நிஜமாகவே கேட்கலாம், அவன் காது அப்படி. ஆனால் அந்த நேரத்தில் அவன் சொல்வது கிட்டத்தட்ட ஒரு வாதம். உன் கட்டுரை தப்பு என்று நிரூபிக்கப் பார்க்கிறான்.

படம் அதற்குச் சொல்கிற பதில் வேறு. லெக்ஸ் லூதர் கிரிப்டனைட் துண்டால் குத்தி அவனைக் கடலில் தள்ளிவிட, மூழ்குகிறவனைத் தூக்கி விடுவது லோயிஸும் அவளுக்கு நிச்சயமான ரிச்சர்டும்தான். போட்டியாளன் என்று மனசுக்குள் நினைத்த அதே ஆள்! பிற்பாடு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும்போது ஊசிகூட ஏறாத உடம்பை வைத்துக்கொண்டு டாக்டர்கள் முழிக்கிறார்கள். வெளியே ஜனங்கள் கூட்டமாகக் காத்து நிற்கிறார்கள். அவனால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லாத நேரம் அது. அப்போதும் நிற்கிறார்கள்.

'ஸ்பைடர்மேன் 2'-லும் (2004) இதே மாதிரி ஒன்று உண்டு. ரயிலை நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிற பையனைப் பயணிகள் தலைக்கு மேல் தாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, அட, நம் வீட்டுப் பையன் வயசுதான் இருக்கும் என்று திகைப்பார்கள். வில்லன் வரும்போது, கையில் ஒன்றும் இல்லாத அந்தச் சாதாரண மனிதர்கள் குறுக்கே நிற்பார்கள். தேவைப்படுவதும் பிரியமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இல்லை என்று இந்த இரண்டு காட்சிகளும் புரியவைக்கின்றன.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

நியாயமாக மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். 'இன்கிரெடிபிள்ஸ்' இரண்டாம் பாகத்தின் வில்லி எவலின். அவளுடைய அப்பா சூப்பர் ஹீரோக்களின் பெரிய ஆதரவாளர். அவர்களைக் கூப்பிட வீட்டில் தனி போன் வைத்திருந்தார். ஹீரோக்களுக்குத் தடை வந்தபிறகு ஒருநாள் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பாதுகாப்பு அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டிருக்கலாம். அவர் அந்த போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. சுட்டுவிட்டார்கள்.

அண்ணன் வின்ஸ்டன் இதிலிருந்து கற்றுக்கொண்டது, ஹீரோக்கள் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார். தங்கை கற்றுக்கொண்டது, ஹீரோக்களை நம்பியதால்தான் அப்பா செத்தார். ஒரே லெட்ஜர், இரண்டு ஆடிட்டர்கள், இரண்டு ரிப்போர்ட்!

எவலின் செய்கிற அக்கிரமத்தை ஒதுக்கிவிட்டு அவள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் பாதி நிஜம் இருக்கிறது. ஒருவன் எப்போதும் ஓடி வந்து காப்பாற்றினால், மற்றவர்களின் கால் மரத்துப்போகும். எந்தக் குடும்பத்திலும் இதைப் பார்க்கலாம். மூத்தவன் எல்லாம் பார்த்துக்கொள்கிற வீட்டில் இளையவனுக்கு நாற்பது வயதிலும் கரண்ட் பில் கட்டத் தெரியாது.

ஆனால் அதனால் யாரும் யாரையும் நம்பவே கூடாது என்று அவள் முடிப்பதை நான் ஏற்கவில்லை. தீப்பிடித்த கட்டிடத்துக்குள் இருப்பவனிடம் சுயசார்பு பற்றிப் பேச முடியாது. போகத்தான் வேண்டும், தூக்கத்தான் வேண்டும். காப்பாற்றுவதில் தப்பில்லை. காப்பாற்றியபின் அவனைக் கீழே இறக்கிவிட மனசு வருகிறதா என்பதுதான் விஷயம்.

ரிசர்வ் வங்கி கண்ட மருந்து

இந்த விஷயத்தில் எங்கள் தொழிலில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கருவூலம், கரன்சி செஸ்ட் போன்ற நுட்பமான இடங்களில் இருப்பவர்களை, வருஷத்துக்கு ஒருதடவை, சேர்ந்தாற்போலக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் அனுப்பவேண்டும். முன்னாலேயே சொல்லக்கூடாது, திடீரென்று அனுப்பவேண்டும். அந்த நாட்களில் அவர் அலுவலகக் கணினிப் பக்கமே வரக்கூடாது, உள் மின்னஞ்சல் மட்டும் பார்க்கலாம்.

நோக்கம் மோசடியைக் கண்டுபிடிப்பது. ஆள் நகர்ந்தால்தான் அவர் மூடி வைத்தது தெரியும். ஆனால் அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பத்து நாள் கழித்துத் திரும்பி வருகிற அதிகாரி, கிளை அவர் இல்லாமலேயே ஓடியிருப்பதைப் பார்க்கிறார். பெட்டகச் சாவிகூட எங்களில் ஒருவரிடம் மட்டும் இருப்பதில்லை, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். ஒரே ஆளை நம்பி நிற்கிற கிளை, எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும், ஆபத்தான கிளை என்பது எங்கள் பாலபாடம்.

இது பிடிக்காதவர்களும் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில், ஓய்வு பெற்ற மூத்த அதிகாரி ஒருவர் தினமும் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர், எனக்கே தொழில் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். அவர் காலத்துப் பேரேட்டு முறையெல்லாம் போய், கோர் பேங்கிங் வந்து வருஷக்கணக்காயிற்று. இருந்தாலும், "ஏதாவது டவுட்னா கேளுங்கப்பா" என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் எங்கள் டெபுடி மேனேஜர் பெண் அவரிடம் போய், "சார், டவுட் ஒண்ணும் இல்லை. சும்மா எங்களோட டீ சாப்பிடுங்க" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருநாள்தான் வந்தார். டீ சாப்பிட்டார், பேரன் கதை சொன்னார், போனார். அந்தப் பெண்ணுக்கு எந்த மனநலப் பாடமும் தெரியாது. பெரியவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நம் வீட்டுப் பறக்கும் மனிதர்கள்

இப்போது நம் கதைக்கு வருவோம். நாக்பூரில், புனேயில், கொல்கத்தாவில் இருக்கிற நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் ஒரு வீட்டுக்கு சூப்பர்மேன். தூரத்தில் இருக்கிற மகனால் தினமும் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியாது, அம்மாவோடு கோயிலுக்குப் போக முடியாது. அவனால் முடிந்தது பணம் அனுப்புவதும், ஆபத்து என்றால் பறந்து வருவதும்தான். அதனால் ஆபத்துதான் அவனுக்கு வீட்டோடு இருக்கிற ஒரே கயிறு ஆகிவிடுகிறது. ஆபத்து இல்லாத மாதங்களில் போனில் பேச என்ன இருக்கிறது? "சாப்டியா? வெயில் எப்படி?" முடிந்தது.

போன வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. ஆகி நாலு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். தங்கைதான் எல்லாம் செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரி பார்த்தது, காப்பீட்டுக் காகிதம் கொடுத்தது, மிச்சப் பணத்தை அவளே கட்டியது, சொட்டு மருந்துக்கு போனில் அலாரம் வைத்தது வரை.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீ லீவு போட்டுட்டு ஓடி வருவே. நாங்க பாத்துக்கிட்டோம்ண்ணே. நீ பொங்கலுக்கு வா, அப்பாவோட நாலு நாள் சும்மா இரு. அதான் அவருக்கு வேணும்."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. பட்டேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நிமிஷம், நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியதே, அது என்ன? அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, செலவு குறைவு, லீவு மிச்சம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வரவுதான். அப்படியும் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. சூப்பர்மேன் அந்தக் கட்டுரையைப் படித்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தக் குத்தல் வருவது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அது வந்தபிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பாப்பும் சிண்ட்ரோமும் பிரிகிறார்கள். "அடுத்த தடவை என்கிட்ட கேட்காம எதுவும் செய்யாதே" என்று சத்தம் போட்டு, தங்கையின் கையிலிருந்து அந்தத் திறமையைப் பிடுங்கிக்கொள்ளலாம். நம் குடும்பங்களில் இது நிறைய நடக்கிறது. தம்பி தொழில் தொடங்கினால் குறை சொல்லி, மகன் தானே ரயில் டிக்கெட் போட்டால் பிழை கண்டுபிடித்து, மனைவி தனியாக பேங்க் வேலை முடித்தால் கையெழுத்தைச் சரிபார்த்து... இதெல்லாம் அக்கறை என்ற பெயரில் நடப்பதால் யாரும் கேட்பதும் இல்லை. சின்னச் சின்ன சிண்ட்ரோம் வேலைகள் என்பேன் நான்.

பொங்கலுக்குப் போனேன். நாலு நாள் சும்மா இருந்தேன். அப்பா தினமும் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு நம்பர் பிளேட்டை உரக்கப் படித்துக் காட்டினார்.

பாப் கற்றுக்கொண்டது

கடைசிச் சண்டைக்கு முன்னால் பாப், மனைவியையும் பிள்ளைகளையும் ஒதுங்கி நிற்கச் சொல்கிறான், நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஹெலனுக்குக் கோபம். இது என்ன உனக்கு உடற்பயிற்சியா, பழைய பெருமை தேடுகிறாயா என்கிற மாதிரி சீறுகிறாள். அப்போதுதான் அவன் உடைகிறான். உங்களை இன்னொரு தடவை இழக்க என்னால் முடியாது, அந்த அளவுக்கு எனக்கு பலம் இல்லை என்கிறான். ரயிலை நிறுத்தியவன் சொல்கிறான், எனக்கு பலம் இல்லை என்று! அதற்கப்புறம்தான் குடும்பமாகச் சேர்ந்து சண்டை போடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள்.

"நான் இல்லேன்னா ஆகாது" என்று இருப்பவர்களுக்குக் கொடுக்கத் தெரியும். கேட்கத் தெரியாது. நம் ஊர் மூத்த பிள்ளைகளைப் பாருங்கள். தம்பிக்குக் கடன் கொடுப்பார்கள், தனக்கு முடியாதபோது ஒரு வார்த்தை வாயில் வராது. நான் பார்த்தவரை இது வெறும் பெருமை இல்லை, பயம். உதவி செய்கிறவன் என்ற இடம் போய்விட்டால் குடும்பத்தில் வேறு என்ன இடம் இருக்கிறது என்கிற பயம்.

இரண்டாம் பாகத்தில் ஹெலனுக்குத்தான் ஹீரோ வேலை கிடைக்கிறது. பாப்பைவிட அவள் சண்டை போட்டால் சேதச் செலவு குறைவு என்று கணக்குப் பார்த்து முடிவு செய்கிறார்கள் (காமர்ஸ் படித்தவனாக எனக்கு மிகவும் பிடித்த காட்சி). பாப் வீட்டில். மகனுடைய புதுக் கணக்குப் பாடம் புரியவில்லை, மகளின் சினேகிதம் இவனால் கெட்டுப்போகிறது, கைக்குழந்தை சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு தேவைப்பட்டது இல்லை. ஆனால் இதற்கு அட்டைப்படம் கிடையாது, கைதட்டல் கிடையாது. தூக்கம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து அந்தக் கணக்கைத் தானே படித்துப் புரிந்துகொண்டு, விடியும் முன் மகனை எழுப்பிச் சொல்லிக்கொடுக்கிறான். சொல்லிக்கொடுத்தபின் பையனுக்கு அந்தக் கணக்குக்கு அப்பா தேவையில்லை. அந்த இடத்தில் பாப்பின் முகத்தில் இருப்பது களைப்பும் நிம்மதியும்தான், ஏக்கம் இல்லை. கடைசியில் கைக்குழந்தையை ஒரு ராத்திரி எட்னாவிடம் விட்டுவிட்டு வந்து தூங்கவும் செய்கிறான். உதவி கேட்டுவிட்டான்!

ரயிலை நிறுத்தியதைவிட இது பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். தங்கமணி ஒப்புக்கொள்ளவில்லை. "அதையெல்லாம் பொம்பளைங்க தினம் செய்யறாங்க, அதுக்கு யாரும் ரெண்டாம் பாகம் எடுக்கலை" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே மக்களே, வருஷத்துக்குப் பத்து நாள் நம் வீட்டுப் பொறுப்பிலிருந்தும் நாமே ஒரு கட்டாய விடுப்பு எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கரண்ட் பில், பாலிசி பிரீமியம், ஊர்ப் பணம் எல்லாவற்றையும் வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கேட்டால் ஒழிய வாயைத் திறக்காமல் இருப்பது. இந்த மாதம் எங்கள் வீட்டில் பெரியவள் கணக்குப் பார்க்கிறாள், பதினாறு வயசு. முதல் வாரமே கேபிள் சந்தாவை வெட்டிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது தெரியுமா!